கீரை வழியும் கரும்பு வழியும்

சுண்ணாம்பு இன்னும் காயவில்லை. அதற்குள் கரி பறந்து வந்து ஒட்டிக்கொண்டது. எங்கேயோ வெட்டுவதற்கு வசதியாகக் கரும்புத் தோட்டத்தைக் கொளுத்தியிருக்கிறார்கள். காய்ந்த சோகை இலை எரிந்து, கறுப்புக் கறுப்பாக, கோழி இறகு மாதிரி மிதந்து வந்து, நான் வெள்ளை அடித்த சுவராகப் பார்த்து உட்காருகிறது. துடைத்தால் கோடாக இழுத்துக்கொண்டு போகிறது. அந்த வாசனை உனக்குத் தெரியும். வெல்லம் தீய்ந்த மாதிரி, மயிர் பொசுங்கின மாதிரி. நீ மூக்கைச் சுளித்துக்கொண்டு ஜன்னலைச் சாத்துவாய்.

வருஷம் திரும்பாமல் வீட்டுக்கு வெள்ளை அடிக்கக் கூடாது என்றார்கள். திரும்பிவிட்டது. இந்தப் பொங்கலுக்கு அடிக்கலாம். மற்ற சுவரெல்லாம் ஆயிற்று. உன் சுவர் மட்டும் பாக்கி நிற்கிறது. அடுப்புக்கரியால் நீ இழுத்த கோடுகள் அதில் அப்படியே இருக்கின்றன. மட்டையைச் சுண்ணாம்பில் தோய்த்துக்கொண்டு போய் நின்றேன். கை ஏறவில்லை. உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

செத்தவர்களைப் பற்றி நல்லதாகச் சொல்ல வேண்டுமாம். கேட்கிறவர்களிடம் நான் அப்படித்தான் சொல்கிறேன். உன்னிடமே எதற்குப் பொய்? நீ கெட்டிக்காரி. நல்லவள் இல்லை. நான் ஐந்தாவதோடு நின்றவள், எழுத்து கோணலாகத்தான் வரும். மெதுவாகப் படி. உனக்குத்தான் இப்போது அவசரம் எதுவும் இல்லையே.

கொரோனா என்று ஊரைப் பூட்டினபோது சென்னையிலிருந்து பையும் கம்ப்யூட்டருமாக வந்தாய். வந்த முதல் வாரமே சுவரில் கோடு இழுத்து மூன்று கட்டம் ஆக்கினாய். செய்யணும், செய்யுறேன், செஞ்சாச்சு. துண்டுக் காகிதத்தில் எழுதிச் சோற்றுப் பருக்கையால் ஒட்டுவாய். வேலை நகர நகரக் காகிதத்தைப் பிய்த்து அடுத்த கட்டத்துக்கு மாற்றுவாய். பருக்கைக்கு எறும்பு வரும். கரப்பான் தின்னும்.

"உன் வேலய கரப்பான் முடிச்சிட்டுது பாரு" என்பேன்.

"அதுக்கு சம்பளம் குடுத்துடலாம்" என்பாய்.

நானும் ஒரு காகிதம் எழுதி ஒட்டினேன். ரேஷன் அரிசி வாங்கணும். அது கடைசிவரை முதல் கட்டத்தைவிட்டு நகரவே இல்லை. நான்தான் போய் வாங்கினேன்.

உன் கம்பெனிக்கு ஒரு கரும்பாலை வேலை கொடுத்திருந்தது. யார் தோட்டத்தை என்றைக்கு வெட்டலாம் என்று போனிலேயே சொல்கிற மாதிரி ஒன்று செய்ய வேண்டும். அதுவரை ஆலையின் ஆள் டிவிஎஸ் வண்டியில் வந்து வெட்டு உத்தரவைச் சீட்டாகக் கையில் கொடுப்பார். வரப்பில் நின்று ஒரு வெற்றிலை போடுவார். "நாளைக்கு லாரி வராதுபோல கீது, கொளுத்திடாத" என்று வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டுப் போவார். கரும்பைத் தின்று வளர்ந்தவள் நீ ஒருத்திதான் அந்தக் கம்பெனியில். அதனால் உன்னை அந்த வேலையில் போட்டார்கள். ஆனால் உன் பேச்சைக் கேட்பதற்காக இல்லை.

கம்பெனியில் உனக்கு மேலே ஒரு சார் இருந்தார். தினமும் அவரோடு உனக்குச் சண்டை. நான் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த ஒரு மத்தியானம் கேட்டேன்.

"இன்னாடி எப்ப பாரு அந்த ஆளோட கத்திக்கினே இருக்கிற?"

"எப்டி செய்யறதுன்னு சண்டைம்மா. அவரு வழி வேற, என் வழி வேற."

"இன்னா வழி?"

"அவரு சொல்றது, இன்னா இன்னா வேணும்னு ஆலைக்காரங்கள உட்கார வச்சு எல்லாத்தையும் மொதல்லயே எழுதி கையெழுத்து வாங்கிடணும். அப்புறம் மாத்தக் கூடாது. எழுதினபடியே மொத்தமா செஞ்சு கடைசில குடுக்கணும். அதுக்கு பேரே அருவின்னுதான் வச்சிருக்காங்க. மேலருந்து கீழதான் வரும், திரும்பி ஏறாது."

"நம்ம மலைல இருக்கிற மேகம் அருவி மாதிரியா? நல்லாத்தானே இருக்கும்."

"குளிக்கிறவனுக்கு நல்லா இருக்கும். வுழற தண்ணிய கேளு."

சிரித்தேன். பிறகு உன் வழியைக் கேட்டேன். என் மடியிலிருந்த கீரையைக் காட்டினாய்.

"இது மாதிரிம்மா. கரும்புன்னா நட்டுட்டு வருஷம் பூரா காத்துக்கினு இருந்து ஒரே வெட்டு. தப்பா போச்சுன்னா மொத்தமா போச்சு. கீரைன்னா கொஞ்சம் கிள்ளி கொழம்பு வைக்கிற. உப்பு ஜாஸ்தின்னா நாளைக்கு கம்மி பண்ற. கொஞ்சம் செய்யணும், வெட்டறவங்க கைல குடுக்கணும், இன்னா சரியில்லன்னு கேக்கணும், திருத்தணும். கிள்ளிக்கினே இருக்கணும்."

"கீரை போட்டவன் எவன்டி மாடி வூடு கட்டியிருக்கான்?"

"நீயும் எங்க சாரும் ஒண்ணு" என்று கோபித்துக்கொண்டு எழுந்து போனாய். அன்று கீரைக் குழம்பில் உப்பு ஜாஸ்தி. நீ ஒரு வார்த்தை சொல்லாமல் தின்றாய். உன் வழி உனக்கே வாயில் இல்லை.

அந்தச் சமயம்தான் ஒதுக்கீடு கேட்டு மறியல். நம் ஆட்கள் வாரத்துக்கு ஒரு இடத்தில் ரோட்டில் உட்கார்ந்தார்கள். ஊருக்குள் வேன் வந்து ஆள் ஏற்றிக்கொண்டு போகும். போகாதவன் வீட்டை எல்லாரும் ஒரு மாதிரி பார்ப்பார்கள். உன் கம்பெனியில் உன்னோடு வேலை பார்த்த ஒருத்தன், கம்ப்யூட்டரில் எல்லாரும் முகம் காட்டிப் பேசும்போது சொன்னான்:

"உங்க ஊர்லதானே ரோட்ட மறிக்கிறாங்க? சீட்டு கோட்டா, வேலை கோட்டா. இப்ப பிராஜெக்ட் எந்த வழில போகணும்னு முடிவு பண்றதுக்கும் கோட்டா கேப்பீங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். நான் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தேன். நீயும் சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தாய். பேச்சு முடிந்ததும் கம்ப்யூட்டரை மூடிவிட்டு, வாசலில் படுத்திருந்த நாயைக் காலால் எற்றினாய். நாய் எந்தக் கோட்டாவில் வந்தது?

எந்த வழி என்று முடிவு செய்கிற நாள் வந்தது. அன்றைக்கு உன் சார், அந்தச் சிரிப்புக்காரன், ஆலையிலிருந்து ஒரு பெரிய அதிகாரி, எல்லாரும் கம்ப்யூட்டரில். "பின்வாசல் வழியா வாம்மா, குறுக்கால வராத" என்று காலையிலேயே சொல்லியிருந்தாய். நான் கரும்பு வெட்டப் போய்விட்டேன்.

கொளுத்தின கரும்பு. தலையிலிருந்து கால்வரை கரி. வாயைத் திறந்தால் பல் மட்டும்தான் வெள்ளை. தண்ணீர் தவித்து வந்தேன். பின்கதவை நீ உள்ளே தாழ் போட்டிருந்தாய். முன்வாசல் வழியாக நுழைந்தேன். உன் குரல் கேட்டது. கெஞ்சிக்கொண்டிருந்தாய்.

"சார், உத்தரவு சாயங்காலமே போனுக்குப் போச்சுன்னா அப்பவே தோட்டத்த கொளுத்திடுவாங்க சார். காலைல லாரி வரலன்னா கரும்பு புளிச்சிடும். முதல்ல ஒரு ஊருக்கு மட்டும் குடுத்துப் பார்ப்போம். தப்பு இருந்தா திருத்திக்கலாம்."

ஆலை அதிகாரி இருமிக்கொண்டு சொன்னார்: "வெள்ளிமலைப் பக்கத்துலருந்து வெட்டாளுங்க இறங்கி வரணும்மா. முந்தின நாள் சாயங்காலமே தெரிஞ்சாத்தான் விடியக்காலம் இறங்குவாங்க. அப்புறம் கொளுத்தறதுன்னு சொல்றீங்களே, எங்க ஏரியால அது கிடையவே கிடையாது. தடை போட்டிருக்கு."

நான் அப்போது உன் முதுகுக்குப் பின்னால் நின்று சொம்பைக் குடத்துக்குள் விட்டுக்கொண்டிருந்தேன். கைக்கரி தண்ணீரில் கரைந்து மிதந்தது. கொளுத்துவதே இல்லை என்று அவர் சொல்லி வாய் மூடவில்லை. கொளுத்தின தோட்டமே எழுந்து நடந்து வந்த மாதிரி நான் நிற்கிறேன். அவருக்குத் தெரியும், அந்தக் கரி எதுவென்று. கண்ணை எடுத்துக்கொண்டார்.

சிரிப்புக்காரன்தான் கேட்டான்: "யாருங்க அது பின்னாடி, பேய் மாதிரி?"

நீ திரும்பிப் பார்த்தாய். உன் கையில் அப்போது ஜெயிப்பு இருந்தது. எங்க அம்மா சார், கொளுத்தின கரும்பு வெட்டிட்டு இப்பதான் வராங்க, நீங்களே கேளுங்க சார். இவ்வளவுதான் சொல்ல வேண்டும். நான் சொம்பை வைத்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டேன், கேட்டால் சொல்லலாம் என்று.

"வேலைக்காரம்மா சார்" என்றாய்.

சொல்லிவிட்டுச் சிரித்தாய். அவனும் சிரித்தான். உன் சார், "ஓகே, கொளுத்தறது இல்லன்னு ஆலை சாரே சொல்லிட்டார். அப்படியே எழுதிக்குவோம், கையெழுத்து வாங்கிக்குவோம்" என்றார். முடிந்தது. அருவி வழி. நீ "சரி சார்" என்றாய். அதற்குமேல் உன்னால் என்ன சொல்ல முடியும்? வேலைக்காரியைச் சாட்சிக்குக் கூப்பிட முடியுமா?

நான் தண்ணீரைக் குடித்தேன். குளித்தேன். தட்டு வைத்தேன்.

"சாப்பிடுறீங்களாம்மா?"

நீ நிமிர்ந்து பார்த்தாய்.

"சூடா இருக்குதுங்க. போடட்டுங்களா?"

"அம்மா, போதும்மா."

"இன்னாங்க போதும்? கொழம்புங்களா?"

அன்றிலிருந்து உன்னிடம் நான் -ங்க போட்டுத்தான் பேசினேன். துணி துவைச்சிட்டேங்க. தண்ணி காஞ்சிடுச்சுங்க. முதலில் கத்தினாய், பிறகு அழுதாய், பிறகு பழகிக்கொண்டாய். கடைசிவரை நான் மாற்றவில்லை. மாற்றியிருக்க வேண்டும் என்று இப்போதும் எனக்குத் தோன்றவில்லை. நீ ஒரே ஒரு தடவை சொன்னாய். நான் பல தடவை சொன்னேன். ஆனாலும் உன்னுடையதுதான் பெரியது.

நீங்கள் எழுதினபடியே செய்து முடித்து ஆலைக்குக் கொடுத்தீர்கள். அடுத்த அரவைப் பருவத்துக்கு எல்லாருக்கும் போனில் உத்தரவு வந்தது. சீட்டுக் கொண்டுவந்த ஆளை வேறு வேலைக்கு மாற்றிவிட்டார்கள். என் தம்பிக்கு, உன் மாமாவுக்கு, ஒரு சாயங்காலம் போன் அடித்தது. நாளைக்கு வெட்டு. இருட்டுவதற்குள் தோட்டத்தின் நாலு மூலையிலும் தீ வைத்தான். காலையில் மறியல் வேன் வந்தது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஏறிவிட்டான்.

"டேய், கரும்பு கொளுத்தியிருக்கியே" என்றேன்.

"ஊரே போவுதுக்கா. நான் மட்டும் வூட்ல கெடந்தா நாளைக்கு எவன் என்ன மதிப்பான்? ஆளுங்க வெட்டி ஏத்திடுவாங்க, நீ பாத்துக்கோ."

வெட்டினோம். ஏற்றினோம். டிராக்டர் போய் கூட்ரோட்டில் மாட்டிக்கொண்டது. மறியலில் முன்வரிசையில் தார் ரோட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தவன் உன் மாமா. டிரைவர் கத்தினானாம்:

"யோவ், பின்னாடி நிக்கிறது உங்கரும்புதான்யா! கொஞ்சம் வழி வுட சொல்லு!"

"கம்னு கெட. போராட்டம் நடக்குது" என்றானாம் இவன். உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்களாம். அவனும் சிரித்தானாம். அந்த நேரத்தில்தான் எல்லார் போனும் மறுபடி அடித்தது. இன்று வெட்டு இல்லை.

மறுநாளும் வண்டி நகரவில்லை. ஆலையில் சேர்ந்தபோது கரும்பு புளித்துவிட்டது என்று திருப்பிவிட்டார்கள். உன் மாமா வண்டியிலிருந்து ஒரு கட்டைத் தூக்கிக்கொண்டு நேராக நம் வீட்டுக்கு வந்தான். உன் கம்ப்யூட்டருக்கு முன்னால் போட்டான். கரி தெறித்தது.

"சாயங்காலம் வெட்டுன்னு போட்டுது. கொளுத்தினேன். காத்தால அதே போன் வேணாம்னு போடுது. எரிஞ்சத்த எப்டிடி அணைக்கிறது? அதுக்கு ஒரு பட்டன் வச்சிருக்கியா?"

"நான் இப்டி வேணாம்னுதான் மாமா சொன்னேன்."

"யார்கிட்ட சொன்ன?"

"ஆபீஸ்ல."

"உன் ஆபீஸ்ல கரும்பு இருக்குதா?" என்று கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினான். "அக்கா, நீ கொளுத்தின தோட்டத்துலதானே வெட்டுற? இவ பேசும்போது பக்கத்துலதானே இருந்த? ஒரு வார்த்த சொல்றதுக்கு இன்னா?"

நீ என்னைப் பார்த்தாய். நான் துடைப்பத்தை எடுத்தேன். வேலைக்காரம்மா வீட்டு விவகாரத்தில் வாய் விடக் கூடாதில்லையா? சிதறின கரும்பைக் கூட்டி அள்ளிக் கொண்டுபோய் வெளியே போட்டேன்.

நம் ஊரில் மட்டும் இல்லை, பல ஊரில் அப்படி ஆகிவிட்டது. உன் சார் போன் செய்தார். இனிமேல் உங்கள் வழியிலேயே போகலாம், கொஞ்சம் கொஞ்சமாகச் செய்து கரும்பு வெட்டுகிறவர்களிடமே காட்டித் திருத்தலாம் என்றாராம். நீ பழைய காகிதங்களையெல்லாம் பிய்த்துவிட்டுப் புதிதாக எழுதி ஒட்டினாய்.

"ஜெயிச்சிட்டேம்மா" என்றாய்.

"மாமா கரும்பு புளிச்சுத்தான் நீங்க ஜெயிச்சீங்களா?" என்றேன்.

முகம் செத்துப்போனது. ஆனாலும் வேலையில் குறை வைக்கவில்லை நீ. முதல் துண்டைச் செய்து முடித்தாய். போனில் ஒரு பச்சை, ஒரு சிவப்பு. விடியக்காலம் வண்டி கிளம்பினது தெரிந்த பிறகுதான் பச்சை வரும். சிவப்பு இருக்கும்வரை தீ வைக்காதே. மலையிலிருந்து வெட்டாளை இறங்கச் சொல்லித் தனியாக ஒரு மணி அடிக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தாய்.

"நாளைக்கு உன்கூட தோட்டத்துக்கு வரட்டுமா? வெட்டற பொம்பளைங்க கைல குடுத்துப் பாக்கணும்."

"வாங்க. ஆனா கேப்பாங்களே, யாரு இதுன்னு. நான் உங்கள யாருன்னு சொல்லட்டும்?"

நீ போனை எடுத்துக்கொண்டு உள்ளே போனாய். மறுநாள் நான் கத்தியை எடுத்துக்கொண்டு வாசலில் கொஞ்சம் நின்றேன். நீ வரவில்லை. அதற்குள் உனக்கு உடம்பு கொதிக்க ஆரம்பித்திருந்தது.

ஆம்புலன்ஸ் வந்தது. தலைமுதல் கால்வரை மூடிக்கொண்ட ஆள் உன்னை ஏற்றினான். "கூட நிக்கிறது யாரு, அம்மாவா?" என்று உன்னைக் கேட்டான். நீ மாஸ்க்கை இறக்கினாய். வாயைத் திறந்தாய். இருமல் வந்தது. அது நிற்பதற்குள் அவன் கதவைச் சாத்திவிட்டான். நீ என்ன சொல்ல வந்தாய் என்று எனக்குத் தெரியாது. நல்லதாக நினைத்துக்கொள் என்கிறார்கள். எதற்கு நினைத்துக்கொள்ள வேண்டும்? முன்னே ஒரு தடவை இருமல் இல்லாமல் கேட்டார்கள். அப்போது சொன்னதை என் காதால் கேட்டிருக்கிறேன்.

பஸ் கிடையாது. என் தம்பி வண்டியை எடுக்கவில்லை. கரும்புக் கோபமா, நோய்ப் பயமா, நான் கேட்கவில்லை. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு நடந்தேன். உள்ளே விடவில்லை. பிறகு உன்னைச் சுற்றிக் கட்டிக் கொடுத்தார்கள். முகத்தைக் காட்டவில்லை. நீளத்தை வைத்து நீதான் என்று ஒத்துக்கொண்டேன்.

கருமாதியோடு அழுது முடித்துவிடு என்றார்கள். மொத்தமாக அழுதால் மொத்தமாகத் தீரும் என்று நானும் நினைத்தேன். அது கரும்பு வழி. எனக்கு உன் வழிதான் வாய்த்திருக்கிறது. தினம் கொஞ்சம் கிள்ளுகிறேன். மறுநாள் அதே இடத்தில் துளிர்த்து நிற்கிறது.

கருமாதி முடிந்த கையோடு உன் சார் உன் போனுக்குக் கூப்பிட்டார். நான் எடுத்தேன். ரொம்ப வருத்தம் என்றார். பிறகு, அவங்க கம்ப்யூட்டர் இங்கே வேண்டும், அதைத் திறக்கிற சொல் யாருக்காவது தெரியுமா, வேலை நின்றுபோயிருக்கிறது என்றார். அதன் பிறகுதான் அவருக்கு ஞாபகம் வந்தது.

"நீங்க யாரு பேசறது? அவங்க அம்மாவா?"

"இல்லீங்க" என்றேன். "வேலைக்காரம்மா."

"ஓ. வீட்டுக்காரங்க யாராவது இருக்காங்களா?"

"யாரும் இல்லீங்க."

உன் கம்ப்யூட்டரை வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். எப்படியோ திறந்துவிட்டார்கள். இப்போது அந்தக் கம்பெனிப் பெண் ஒருத்தி வாரம் தவறாமல் தோட்டத்துக்கு வருகிறாள். செருப்பைக் கழற்றி வரப்பில் வைத்துவிட்டு, எங்கள் நடுவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இன்னா சரியில்லை, எதை மாத்தணும் என்று கேட்டுக்கொள்கிறாள். உன் பச்சையும் சிவப்பும் எல்லார் போனிலும் இருக்கிறது. உன் மாமா சிவப்பைப் பார்த்துத் தீப்பெட்டியைத் திரும்ப மடியில் செருகுகிறான். யார் செய்தது என்று அவனுக்குத் தெரியும். உன் பேரைச் சொல்வதில்லை.

நேற்று கட்டுக் கட்டிக்கொண்டிருந்தபோது மலையிலிருந்து இறங்கின ஒருத்தி சொன்னாள்: "எந்த மவராசி செஞ்சாளோ இத்த. இல்லன்னா விடிய விடிய இறங்கி வந்து சும்மா திரும்பிப் போவணும். ஏங்க்கா, உங்க ஊருப் பொண்ணுதான் செஞ்சுதாமே, உனக்குத் தெரியுமா யாருன்னு?"

எம்பொண்ணுதான். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. உடனே உன் குரல் கேட்டது, சிரிப்போடு. வேலைக்காரிக்கு ஏது இஞ்சினியர் பொண்ணு?

"எனக்கு எப்டி தெரியும்? வெட்டுடி, வண்டி வந்துடும்" என்றேன்.

பொழுது சாய்கிறது. கரி இன்னும் பறந்துகொண்டிருக்கிறது. எழுந்து உன் சுவரை அடிக்க வேண்டும். அடித்தாலும் அடுப்புக்கரிக் கோடு சுண்ணாம்புக்குள்ளிருந்து தெரியத்தான் செய்யும். அடிக்கத்தான் போகிறேன். வீட்டைச் சுத்தமாக வைத்திருப்பது என் வேலை. நீ என்னை அமர்த்தின வேலை. இன்னும் யாரும் நிறுத்தவில்லை.